ஆகாசம் தொங்கின அம்பத்தஞ்சு நிமிஷம்

...ஞானியாம்ல, ஞானி! அந்தா, அந்த போர்டைப் பாருங்க சார். ஜன்னலோரம் நீங்கதானே உக்காந்திருக்கீங்க, நல்லா எட்டிப் பாருங்க. பெட்ரோல் பங்குக்கு மேல... ஆங், அதான். சோபாவில உக்காந்துக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ரெண்டு காலையும் கயிறு முறுக்கின மாதிரி பின்னிக்கிட்டு, சுத்தி மேகம். கீழ என்ன எழுதியிருக்கு? 'ஆகாயத்தில் அமைதி கண்டவர்'. அமைதி! அந்த மூஞ்சில இருக்கறது அமைதின்னா பல்வலியும் அமைதிதான் சார்.

ஊருக்குப் புதுசா? அதான பாத்தேன். யாருய்யா இந்த ஆளுங்கற மாதிரி முழிக்கறீங்களே! எங்க முதலாளி சார் அவரு. அடுக்குமாடி கட்டி விக்கறவரு. இந்த ரோட்டுல கண்ணுக்குத் தெரியற பாதிக் கட்டடம் அவர் கட்டினது. மீதிப் பாதி, அவர் வாங்கி இடிக்கப் போறது. விளம்பரத்துல கடைசியா விரலை மேல தூக்கி, 'ஆகாசம் வரைக்கும் நம்ம இடம்தான்!'னு ஒரு கத்து கத்துவாரு. அதனால சைட்ல நாங்க வெச்ச பேரு ஆகாசம். 'ஆகாசம் வந்தாச்சா?' 'ஆகாசம் கோவமா இருக்கு.' இப்படித்தான் பேசிக்குவோம். வானிலை அறிக்கை மாதிரி இருக்கும்.

நானா? நான் க்ரேன் ஓட்டறேன். லாரி மேல இருக்குமே, அது இல்ல சார், அது பொம்மை. கட்டடத்தோடயே ஒட்டி உசரமா, மஞ்சளா ஒண்ணு நிக்கும் பாருங்க, அது உச்சியில ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள நான். எட்டு வருஷமா. காலைல ஏணியில ஏறினா சாயந்திரம்தான் தரை. பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது. அதான் கீழ இறங்கினா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது... பேசலாம்ல? இல்ல, பையைக் கையில எடுத்தீங்களேன்னு கேட்டேன். கண்டக்டர்கிட்ட நீங்க டிக்கெட் எடுத்தது காதுல விழுந்துச்சு, உங்க ஸ்டாப் இன்னும் தூரம் சார், உக்காருங்க, உக்காருங்க.

எங்க விட்டேன்... ஆங், ஆகாசம். இந்த மனுஷன் பண்ணாத கூத்து இல்ல சார். ஒரு தடவை, 'எங்க வீட்டுச் சுவர் வழியா ஒரு பொட்டுச் சத்தம் வராது'ன்னு நிரூபிக்கணும்னு கிளம்பிட்டாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு ரேடியோ வெப்பீங்க. இவரு படுக்கை அறைக்குள்ள இருபது பேர் வாத்தியக் கோஷ்டியை அடைச்சாரு. ஹால்ல கட்டிலைப் போட்டு, கோடு போட்ட பைஜாமாவோட இவரு படுத்துட்டாரு. சுத்தி பத்திரிகைக்காரங்க. என்ன பாக்கறதுக்கு? இவரு தூங்கறதை! தூங்கினாரு சார். நெஜமாவே தூங்கிட்டாரு. அவங்களும் எவ்வளவு நேரம்தான் குறட்டையை எழுதுவாங்க, கிளம்பிட்டாங்க. உள்ள இருக்கறவங்ககிட்ட நிறுத்தச் சொல்ல வெளியிலேருந்து கத்தினா கேக்க மாட்டேங்குது. சுவர்தான் அவ்வளவு உசத்தியாச்சே! சரி, கதவைத் திறக்கலாம்னு போனா கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. அதுவும் எங்க கம்பெனி வேலைதான். சாயந்திரம் கதவை உடைச்சுத் திறந்தா, ட்ரம்பெட் ஊதறவருக்கு உதடு இவ்வளவு பெருசு வீங்கியிருக்கு. மறுநாள் பேப்பர்ல என்ன போட்டான்? 'மன அமைதிக்கு ஒரு மாளிகை'!

இன்னொண்ணு... ரெண்டு வருஷமா வீட்டுச் சாவி கொடுக்கலைன்னு ஒருத்தர் கூட்டத்துல எழுந்து கேட்டுட்டாரு. நியாயமான கேள்வி. இவரு சுவத்துல மாட்டியிருந்த கடிகாரத்தை எடுத்தாரு, சுத்தியலை வாங்கினாரு, மேடையிலயே போட்டு உடைச்சாரு. 'நான் காலத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்ல!'ன்னாரு. கைதட்டல்னா கைதட்டல். கேள்வி கேட்டவரும் சேர்ந்து தட்டினாரு சார்! நான் இந்தக் கண்ணால பாத்தேன்.

சரி, இந்த சோபா கதைக்கு வரேன். நாங்க இப்ப கட்டற கட்டடம் அப்போ இருபத்தாறு மாடி எழும்பியிருந்துச்சு. விக்க வேண்டியது முப்பத்தெட்டாவது மாடி. கட்டாத வீட்டை எப்படிக் காட்டறது? ஆகாசத்துக்கு ராத்திரி யோசனை வந்துடுச்சாம். க்ரேன் கொக்கியில ஒரு சோபாவைக் கட்டி, அதுல இவர் உக்காந்து, முப்பத்தெட்டாவது மாடி ஹால் எந்த உசரத்துல வருமோ சரியா அந்த உசரத்துல தொங்கணும். கையில பேப்பர், பக்கத்துல சின்ன மேஜை, மேஜையில ஒரு பெரிய ஜாடி ஆரஞ்சு ஜூஸ். மைக் சட்டையில. 'நண்பர்களே, நான் இப்போ என் வீட்டு ஹால்ல உக்காந்து ஊரைப் பாக்கறேன்!' பத்து நிமிஷம் பேசணும், இறங்கணும். அவ்வளவுதான் திட்டம்.

பத்து நிமிஷம் அம்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. மெஷின் கோளாறுன்னு பேப்பர்ல வந்துச்சு. நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

...

இல்ல சார். அது வந்து... நீங்க வெளியூர். நாளைக்கு உங்களை நான் பாக்கப் போறதில்ல. உங்ககிட்டச் சொன்னா என்ன? எட்டு மாசமா என் வீட்டுக்காரிகிட்டகூட வாயத் திறக்கல. நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு.

அதுக்கு முன்னாடி என் கொழுந்தியாளைப் பத்திச் சொல்லணும். வீட்டுக்காரியோட தங்கச்சி. அதே சைட்லதான் வேலை. தரைக்கல் ஒட்டினதுக்கு அப்புறம் சந்து சந்தா சிமெண்ட் பூசித் துடைப்பாங்க பாருங்க, அந்த வேலை. நாள் பூரா முட்டி போட்டுக்கிட்டு. இருபத்தஞ்சு, இருபத்தாறாவது மாடியில. மேல பொம்பளைங்க மட்டும் முப்பது பேர். கக்கூஸ் எங்க இருக்கு? தரையில. வாசலைத் தாண்டி, மணல் குமிச்சிருக்கற மூலையில. ஆள் ஏத்தற லிஃப்ட் காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. நடுவுல அவசரம்னா? இருபத்தாறு மாடி இறங்கி, இருபத்தாறு மாடி ஏறணும். ஏறி வந்தா மேஸ்திரி நின்னுக்கிட்டு, 'என்னம்மா, உலாத்திட்டு வரீங்களா?'ம்பான்.

எனக்குப் பிரச்சினை இல்ல சார். ஒண்டியாளு, பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் வெச்சிருக்கேன். ஆம்பளைக்கு ஓடிடும். அவங்க என்ன பண்ணுவாங்க? ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தண்ணியே குடிக்கறதில்ல. காலைல வீட்டுல ஒரு டம்ளர், சாயந்திரம் இறங்கினதும் ஒரு டம்ளர். வெயில்னா வெயில், கம்பி தொட்டா கை பொசுங்கும், அதுல நாக்கு வறண்டு... கேட்டா சிரிப்பா. 'பழகிடுச்சு மாமா'ம்பா.

பழகினது ஒரு செவ்வாக்கிழமை கீழ சாஞ்சுது. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டுட்டா. லிஃப்ட் ஓட்டறவன் டீ குடிக்கப் போயிருக்கான். நான்தான் சிமெண்ட் ஏத்தற தொட்டியை இறக்கி, ரெண்டு பொம்பளைங்களை அவளோட ஏறச் சொல்லி, மெதுவா... எட்டு வருஷத்துல எத்தனை டன் இரும்பு தூக்கியிருக்கேன், எதையும் அவ்வளவு மெதுவா இறக்கினதில்ல. அந்த உசரத்துலேருந்து பாத்தா தொட்டிக்குள்ள சுருண்டு கிடக்கறது ஒரு துணிமூட்டை மாதிரி இருந்துச்சு சார்.

டாக்டரம்மா திட்டித் தீத்துட்டாங்க. சிறுநீரகத்துல கிருமி ஏறிடுச்சாம். 'இன்னும் நாலு நாள் இப்படியே விட்டிருந்தா என்கிட்ட வந்திருக்க வேண்டாம்'னாங்க.

மறுநாள் என்ஜினியர்கிட்டப் போய் நின்னேன். மரியாதையாத்தான் கேட்டேன். 'சார், மேல நடுவுல எங்கயாவது ரெண்டு தற்காலிகக் கக்கூஸ் வெச்சுக் கொடுங்க, புண்ணியமாப் போகும்.' அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அது ப்ளான்ல இல்லைப்பா. முதலாளிகிட்டக் கேக்கணும். முதலாளி இப்போ ஒத்திகையில இருக்காரு.' என்ன ஒத்திகை? சோபாவில எப்படி உக்காரறதுன்னு ஒத்திகை! உக்காரறதுக்கு ஒத்திகை பாக்கற மனுஷனை வாழ்க்கையில நீங்க பாத்திருக்கீங்களா?

சனிக்கிழமை வந்துச்சு. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. கீழ கேமராக் கூட்டம். பெல்ட்டு, கயிறு, கொக்கி எல்லாத்தையும் நானே ரெண்டு தடவை சரி பாத்தேன் சார். அதையும் சொல்லிடறேன். அவருக்கு ஒரு கீறல் விழணும்னு நான் நினைச்சதில்ல. ஏறினேன், தூக்கினேன். சோபா அன்னம் மாதிரி மிதந்து போச்சு. முப்பத்தெட்டாவது மாடி உசரம். என் பெட்டிக்குக் கொஞ்சம் கீழ, முகம் தெரியற தூரம். ஆரம்பிச்சாரு பேச்சை. ஒரு வாக்கியம், ஒரு மடக்கு ஜூஸ். ஒரு வாக்கியம், ஒரு மடக்கு ஜூஸ். பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த ஜாடி குறையக் குறைய என் கொழுந்தியா உதடு வெடிச்சுக் கிடந்ததுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

பத்து நிமிஷம் ஆச்சு. கீழேருந்து வாக்கி டாக்கியில, 'இறக்கலாம்'னு சொன்னாங்க.

எங்க பெட்டிக்குள்ள ஒரு சிவப்பு பட்டன் இருக்கும் சார். ஆபத்துன்னா அமுக்கணும். எல்லாம் அப்படியே நின்னுடும், பிரேக் பிடிச்சுக்கும், அசையாது. நான் அமுக்கினேன்.

ஆமா. நான்தான். கோளாறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. 'மேல கரண்ட் கசியற மாதிரி இருக்கு, யாரும் ஏணியைத் தொடாதீங்க'ன்னு நானே சொன்னேன். மெக்கானிக் ஊரோட அந்தக் கோடியிலேருந்து வரணும்.

முதல் கால் மணி நேரம் ஆகாசம் ஜோக் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. 'பாருங்க, என் வீட்டை விட்டு இறங்கவே மனசில்ல!' கீழ சிரிப்பு. அப்புறம் பேச்சு குறைஞ்சுது. அப்புறம் மைக்கை அணைச்சாரு. சோபா கையில ஒரு வாக்கி டாக்கி கட்டியிருந்தோம். அதுல என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, மூணாவது சேனலுக்கு வா'ன்னாரு. அதுல வேற யாரும் கேக்க மாட்டாங்க. வந்தேன்.

'தம்பி, எவ்வளவு நேரம் ஆகும்?'

'தெரியல சார்.'

'கொஞ்சம் அவசரம் தம்பி.'

'என்ன அவசரம் சார்?'

கீழ கேமராக் கூட்டத்தை ஒரு தடவை எட்டிப் பாத்தாரு. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல, 'ஒண்ணுக்கு.'

நான் சொன்னேன் சார். எங்கேருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ. 'சார், மேல அதுக்கு வசதி இல்ல சார். இங்க வேலை செய்யற பொம்பளைங்க எல்லாம் தரைக்குத்தான் இறங்கிப் போகணும். அதனால தண்ணியே குடிக்கறதில்ல. போன செவ்வாக்கிழமை ஒருத்தியைத் தொட்டியில வெச்சு இறக்கினேன்.'

அவ்வளவுதான். ரெண்டு காலையும் பின்னிக்கிட்டாரு. கண்ணை இறுக்கி மூடினாரு. ரெண்டு கையையும் மடியில வெச்சு அமுக்கிக்கிட்டாரு. கண்ணோரத்துல தண்ணி வழியுது. எனக்குத் தெரியும் அது என்னன்னு. கீழ இருந்தவங்களுக்கு? கேமராவுல பெருசு பண்ணிப் பாத்தவங்களுக்கு? 'ஆகாயத்தில் தியானம்! ஆனந்தக் கண்ணீர்!' ஒருத்தன் ஆரம்பிச்சான், மொத்தக் கூட்டமும் தரையில உக்காந்து கண்ணை மூடிக்கிச்சு. நூறு பேர் சார்! மனுஷன் மேல முட்டிக்கிட்டு உயிர் போறாரு, கீழ நூறு பேர் அவரோட சேர்ந்து அமைதி அடையறாங்க!

எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. பட்டனை விடுவிச்சேன். இறக்கினேன்.

இறங்கினதும் சுத்திக்கிட்டாங்க. 'சார், மேல என்ன உணர்ந்தீங்க?' அவரு ஓடவும் முடியாது, நிக்கவும் முடியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே வார்த்தை சொன்னாரு. 'அடக்கம்.' அவ்வளவுதான்! அவரு சொன்னது ஒண்ணு, இவங்க எழுதினது ஒண்ணு. 'அடக்கத்தின் உச்சியில் ஒரு கோடீஸ்வரர்'! சொல்லிட்டு நேரா மாதிரி வீட்டுக்குள்ள ஓடினாரு. வாங்க வரவங்களுக்குக் காட்டறதுக்குன்னு ஒரு வீடு ஜோடிச்சு வெச்சிருப்போம்ல, அதுக்குள்ள. அங்க இருக்கற கக்கூஸ் சும்மா பார்வைக்கு. குழாயே கிடையாது. அதைப் பாக்கற நிலைமையிலயா அவரு இருந்தாரு? வரவேற்பு மேஜைப் பொண்ணு ரெண்டு நாள் மூக்கைப் பொத்திக்கிட்டு வீடு காட்டிச்சு.

திங்கக்கிழமை கூப்பிட்டு அனுப்பினாரு. வேலை போச்சுன்னு தெரியும். லைசென்ஸும் போகும். வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் போனேன். அறையில அவரு மட்டும்.

'மெஷின்ல என்ன கோளாறு?'

'சிவப்பு பட்டன் அமுங்கிடுச்சு சார்.'

'தானா அமுங்குச்சா?'

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல. 'இல்ல சார்'னேன்.

மேஜை மேல இருந்த பேனாவை இப்படி உருட்டினாரு, அப்படி உருட்டினாரு. 'அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?'

'ஆஸ்பத்திரியில இருக்கா சார். என் கொழுந்தியாதான்.'

'எத்தனை மாடிக்கு ஒண்ணு வேணும்?'

'அஞ்சு மாடிக்கு ஒண்ணு சார்.'

'பத்து.'

'அஞ்சு சார்.'

'ஏழு. போ.' கதவுகிட்டப் போனதும் கூப்பிட்டாரு. நிமிந்துகூடப் பாக்கல. 'ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைத் தூக்கணும். அதே உசரம். ஜூஸ் வேண்டாம்.'

அன்னைக்கு மாட்டினேன் சார். எட்டு மாசமா வாராவாரம் அவரைத் தொங்க விடறேன். இப்போ அவரு மட்டுமா? வீடு வாங்கறவங்களுக்கு 'ஆகாயத் தியானம்' இலவசம். வரிசையா வராங்க, காலைப் பின்னிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மூஞ்சியை அதே மாதிரி இறுக்கிக்கிட்டு! அந்த உக்காரற முறைக்கு ஒரு பேரு வேற வெச்சு வகுப்பு எடுக்கறாங்க. முப்பத்தெட்டாவது மாடி வித்துத் தீந்துடுச்சு. சிமெண்ட் தூக்க வேண்டிய நான் சாமியார்களைத் தூக்கிக்கிட்டு இருக்கேன்.

கக்கூஸா? வந்துச்சு சார். ஒரே வாரத்துல. அதுக்கும் ரிப்பன் வெட்டி, பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, 'உழைப்பவர்க்கு என் காணிக்கை'ன்னு கதவுல பேரு எழுதி... அவரு பேரு! உள்ள போய்த் தாப்பாள் போட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு வெளியில வந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. அதையும் படம் எடுத்தாங்க.

அதுகூடப் பரவாயில்ல. என் வயித்தெரிச்சல் எங்கன்னு கேளுங்க. கொழுந்தியா தேறி வந்துட்டா. இப்போ காலைல ஒரு பாட்டில், மத்தியானம் ஒரு பாட்டில் தண்ணி. சந்தோஷம். ஆனா வாயத் திறந்தா ஆகாசம் புராணம்! 'மாமா, அவரு மனுஷனே இல்ல மாமா. ஒரு மணி நேரம் மேல கண்ணை மூடி உக்காந்தாரு, எங்க கஷ்டம் அவருக்குத் தெரிஞ்சுடுச்சு பாருங்க. நீங்களும்தான் எட்டு வருஷமா மேலயே உக்காந்திருக்கீங்க... என்னத்தைக் கண்டீங்க?'

என்னத்தைக் கண்டேனாம்! சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார். தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். என் வீட்டுக்காரியும் சேர்ந்து சிரிக்கறா. நான் என்ன சொல்ல முடியும்? சொன்னா சும்மா இருப்பாளா? முப்பது பொம்பளைங்ககிட்டயும் சொல்லுவா. சாயந்திரத்துக்குள்ள சைட் பூராத் தெரியும். அவரு மானம் போச்சுன்னா, கக்கூஸும் போகும், நானும் போவேன். நானா அமுக்கின பட்டன், நானா வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

என்ன சார் இந்தப் பொட்டலத்தைப் பாக்கறீங்க? கால்ல இடிக்குதா? மன்னிச்சுக்கோங்க... இது வந்து... போட்டோ சார். கண்ணாடி போட்டது. அவரோடதுதான்! ரெண்டு வாரமா நச்சரிப்பு. 'மாமா, நீங்க அவர்கூடத்தானே இருக்கீங்க, ஒரு கையெழுத்துப் போட்ட படம் வாங்கித் தர மாட்டீங்களா?' வாங்கினேன். வரிசையில நின்னு வாங்கினேன். யாருக்குன்னு கேட்டாரு. 'கொழுந்தியாளுக்கு சார்'னேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு... கையெழுத்துப் போட்டாரு. பேனாவை மூடினப்புறமும் கொஞ்ச நேரம் படத்தைக் கொடுக்காமக் கையிலயே வெச்சிருந்தாரு. அப்புறம் கொடுத்தாரு.

இப்போ அவ வீட்டுக்குத்தான் போறேன். ஆணி, சுத்தியல் எல்லாம் என்னையே கொண்டுவரச் சொல்லிட்டா. எங்க மாட்டணும் தெரியுமா? சமையல்கட்டுல, தண்ணிப் பானைக்கு நேர் மேல. தண்ணி குடிக்கும்போதெல்லாம் அவரு முகத்தைப் பாக்கணுமாம்.

என்ன சார், எழுந்துட்டீங்க? உங்க ஸ்டாப் இது இல்லையே... ஓ, நடந்து போயிக்கறீங்களா? சரி, சரி, பாத்து இறங்குங்க. சார்! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... சார்?... போயிட்டாரு.

அம்மா, நீங்க உக்காருங்க, இடம் காலியாத்தான் இருக்கு. இல்ல இல்ல, அந்தப் பொட்டலத்து மேல சாயாதீங்கம்மா! இங்க கொடுங்க, மடியில வெச்சுக்கறேன். கண்ணாடி. உடைஞ்சுதுன்னா நான் மறுபடி அவர்கிட்டதான் போய் நிக்கணும்.